தேர் திரும்பும் முனை: புனிதர் வணக்கமும் சாதியும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சற்று முன்னால் நாம் எல்லோரும் வரிசையில் நின்று தோழரின் படத்துக்கு மலர் தூவினோம். எனக்குப் பின்னால் நின்ற கல்லூரித் தம்பி ஒருவர், "அக்கா, இதுவும் சாமி கும்பிடறதுதானே?" என்று காதோடு கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் நான் இன்று பேச வந்திருப்பதே அந்தக் கேள்வியைப் பற்றித்தான். இறந்துபோன ஒருவருக்கு மரியாதை செய்வது எதுவரை? எந்த இடத்தில் அது வழிபாடாகிறது? இறந்தவரிடம் நாம் ஏதாவது கேட்கலாமா? கத்தோலிக்கத் திருச்சபை இந்தக் கேள்விகளோடு ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக மல்லுக்கட்டி வருகிறது. அந்தத் திருச்சபையின் தமிழக மக்களில் பெரும்பகுதி நம் மக்கள். ஆகவே இதை அவர்கள் வீட்டு விவகாரம் என்று விட்டுவிட நமக்கு உரிமை இல்லை.

1. கேட்பதும் வணங்குவதும்

மதுராந்தகம் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவர் என் ஆயா. செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றுவார். அவர் வேண்டுவதைச் சின்ன வயதில் பலமுறை ஒட்டுக்கேட்டிருக்கிறேன். நேராகக் கடவுளிடம் கேட்கமாட்டார். "நீர் அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லும் சாமி" என்பார். தாம்பரத்தில் குடியேறிய என் சித்தி பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். ஒரு நாள் அவர் ஆயாவிடம், "செத்தவங்ககிட்ட போய்க் கேக்கறியே, இது நியாயமா?" என்று சண்டைக்கு நின்றார். ஆயா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "உயிரோட இருக்கிறவங்ககிட்ட கேட்டு என்னாடி கெடச்சுது?"

இந்த இரண்டு பெண்களின் சண்டைக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவர் ஒருவரே, அவர் இயேசுவே என்று பவுல் எழுதியிருப்பதைச் சித்தி பிடித்துக்கொள்வார். ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டின் சீர்திருத்தக்காரர்கள் பிடித்துக்கொண்டதும் அதைத்தான். 1530-ல் லூத்தரன்கள் வெளியிட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, புனிதர்களை நினைவுகூரலாம், அவர்களைப் பின்பற்றலாம், ஆனால் அவர்களிடம் உதவி கேட்பதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை என்றது. இதற்குக் கத்தோலிக்கத் தரப்பு பதில் சொன்ன இடம் திரெந்து பொதுச்சங்கம். 1563 டிசம்பரில் நடந்த அதன் கடைசி அமர்வு, புனிதர்கள் மனிதருக்காகக் கடவுளிடம் மன்றாடுகிறார்கள், அவர்களுடைய வேண்டுதலைக் கேட்பது நல்லது, பயனுள்ளது என்று முடிவு செய்தது. அதே அமர்வு, புனிதர் வணக்கத்தில் புகுந்துவிட்ட மூடநம்பிக்கையையும் பண வேட்டையையும் ஒழிக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆராதனை வேறு, வணக்கம் வேறு என்பது கத்தோலிக்கப் போதனை. ஆராதனை கடவுளுக்கு மட்டும். புனிதர்களுக்கு வணக்கம். மாதாவுக்கு மேலான வணக்கம். அதுவும் ஆராதனை ஆகாது. சுரூபத்துக்குச் செய்யும் மரியாதை அந்தச் சுரூபம் யாரைக் குறிக்கிறதோ அவரைச் சேரும் என்று 787-ல் நடந்த இரண்டாம் நிசேயா சங்கம் வரையறுத்தது. மன்றாட்டு மாலையைக் கவனித்துக் கேட்டால் இந்த வேறுபாடு புரியும். கிறிஸ்துவிடம் இரக்கம் கேட்பார்கள்; புனிதர்களிடம் தங்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்வார்கள். என் ஆயா இறையியல் படித்தவர் அல்ல. ஆனால் "ஒரு வார்த்தை சொல்லும்" என்ற அவருடைய வேண்டுதல் திரெந்து சங்கத்தின் வரையறைக்குள் கச்சிதமாக உட்காரும்.

இதற்கு அடிப்படை, விசுவாசப் பிரமாணத்தில் வரும் புனிதர்களின் சமூக உறவு என்ற நம்பிக்கை. உயிரோடு இருப்பவர்களும் இறந்தவர்களும் ஒரே குடும்பம். சாவு அந்த உறவை அறுப்பதில்லை. உயிரோடிருக்கும் அண்ணனிடம் "எனக்காக வேண்டிக்கோ" என்று கேட்கலாம் என்றால், இறந்துபோன அண்ணனிடம் ஏன் கேட்கக் கூடாது? 1964 நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டின் ஏழாம் அதிகாரம் இதைத்தான் விரித்துப் பேசுகிறது.

சமூகவியல் படித்தவள் என்ற முறையில் நான் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புனிதர் வணக்கம் வேர்பிடித்த காலத்தை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பீட்டர் பிரவுன் 1981-ல் வெளியிட்ட நூலில் ஒன்றைக் காட்டினார். ரோமானியப் பேரரசின் பிற்காலத்தில் சாதாரண மனிதருக்கு ஆதரவாக மேலிடத்தில் பேச ஒரு புரவலர் தேவைப்பட்டார். புனிதரை மக்கள் புரிந்துகொண்ட விதத்தில் அந்தப் புரவலரின் சாயல் விழுந்தது. நம் மொழியில் சொன்னால், சிபாரிசு. தாலுகா அலுவலகத்தில் பட்டாவுக்கு நடையாய் நடந்த என் ஆயாவுக்குச் சிபாரிசு இல்லாமல் எந்தக் காகிதமும் நகராது என்பது தெரியும். பூமியில் சிபாரிசுக்கு ஆளில்லாதவர் வானத்தில் ஒருவரைத் தேடினார். அந்தோணியார் சாதி கேட்கவில்லை. தலையாரிக்குக் கொடுத்தது போல எதுவும் கொடுக்கவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு மெழுகுவத்தி போதும். இதை வெறும் மயக்கம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. தன் வழக்கைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று நம்பியவர், தன்னிடம் சொல்லத்தக்க ஒரு வழக்கு இருக்கிறது என்பதையும் சேர்த்தே நம்பினார்.

2. மலைமேல் இருப்பவர் யார்?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நோக்கிப் போனால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் தாண்டிப் பரங்கிமலை வரும். 1931-ல் இந்தத் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. தோலைத் தொட்டுப் பதப்படுத்திய கைகள் யாருடையவை என்று இந்த அவையில் நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கைகளில் பல, ஞாயிற்றுக்கிழமைகளில் பரங்கிமலைப் படிகளில் கூப்பி நின்ற கைகள்.

இயேசுவின் சீடர் தோமா இந்த மலையில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார் என்பது மரபு. போர்த்துக்கீசியர் 1523-ல் மேலே கோவில் கட்டினார்கள். 1547-ல் அங்கே பகலவி மொழி எழுத்து பொறித்த கற்சிலுவை கிடைத்தது. 18ஆம் நூற்றாண்டில் ஆர்மேனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் படிகள் அமைத்தார். அவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அந்தக் கற்களைத் தலையில் சுமந்து ஏற்றியவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்கு வந்துசேரவில்லை.

தோமாவைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று கேரளத்தில் சிரியன் கிறிஸ்தவர்களிடையே வழங்குவது. தோமா நம்பூதிரிகளை மனம்மாற்றினார், நாங்கள் அந்த வழி வந்தவர்கள் என்பார்கள். அங்கே ஒரு புனிதர் சாதிச் சான்றிதழ் ஆகிவிடுகிறார். இன்னொன்று பழையது. 3ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட ‘தோமாவின் பணிகள்’ என்ற நூலில் இருப்பது. அது விவிலியத்தில் சேர்க்கப்பட்ட நூல் அல்ல. அதில் உள்ளதை அப்படியே வரலாறு என்று கொள்ளவும் முடியாது. ஆனால் தோமாவை இந்தியாவோடு இணைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று அது. அந்தக் கதையில் தோமா இந்தியாவுக்கு வர மறுக்கிறார். ஆண்டவரே அவரை ஹப்பான் என்ற வணிகனுக்கு அடிமையாக விற்றுவிடுகிறார். மரவேலையும் கல்வேலையும் தெரிந்த அடிமையாக அவர் இங்கே வருகிறார். கொண்டோபரஸ் மன்னன் அரண்மனை கட்டப் பணம் கொடுக்கிறான். தோமா அதை ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, உன் அரண்மனை வானத்தில் எழும்பிவிட்டது என்று மன்னனிடம் சொல்கிறார்.

கொண்டோபரஸ் வடமேற்கு இந்தியாவை ஆண்டவன். அவனுடைய நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. அது பரங்கிமலைக்கு வெகு தூரம். நான் சொல்ல வருவது இடத்தைப் பற்றி அல்ல, நினைவைப் பற்றி. பழைய கதை நினைவில் வைத்திருந்தது விலைக்கு விற்கப்பட்ட ஒரு தொழிலாளியை. நம் நாட்டில் அவரை நம்பூதிரிகளின் குருவாக ஆக்கிக்கொண்டார்கள். ஒரு புனிதரை வணங்கும்போது அவருடைய எந்தக் கதையை வணங்குகிறோம் என்பதும் முக்கியம்.

3. தேர் போகாத தெரு

என் ஆயாவின் ஊரில் திருவிழாவின் கடைசி இரவில் தேர் வரும். மின்விளக்கு, பேண்டு வாத்தியம், பூ. தேர் ஊர்த்தெரு முழுக்கச் சுற்றிவிட்டு, எங்கள் காலனிக்குப் போகும் பாதையின் முனையில் நிற்கும். அங்கிருந்தே எங்களைப் பார்த்து ஒரு தூபம். பிறகு திரும்பிவிடும். பாதை குறுகல், மின்கம்பி தாழ்வு என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு காரணம். பின்னாளில் பாதை அகலமாயிற்று, கம்பியும் உயர்ந்தது. தேர் மட்டும் அதே முனையில் திரும்பியது. அடுத்த நாள் எங்கள் ஆட்கள் சின்னச் சுரூபம் ஒன்றை மாட்டுவண்டியில் ஏற்றித் தாங்களே தங்கள் தெருவில் சுற்றினார்கள். ஆயா அழுதுகொண்டே அந்த வண்டியின் பின்னால் நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. அது பக்தியால் வந்த அழுகை என்று அப்போது நினைத்தேன்.

இது என் ஊரின் கதை மட்டும் அல்ல. திருவிழாவில் ஒவ்வொரு நாள் உபயமும் ஒவ்வொரு சாதிக்கு. தலைக்கட்டு வரி வாங்கினால் உரிமை கொடுத்ததாகிவிடும் என்பதால் நம்மிடம் வரியே வாங்காத ஊர்கள் உண்டு. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை அருகே உள்ள எறையூரில் ஜெபமாலை மாதா கோவில் இருக்கிறது. அங்கே தலித் கத்தோலிக்கர்கள் பாகுபாட்டைத் தாங்க முடியாமல் சகாய மாதாவுக்குத் தனிக் கோவில் எழுப்பினார்கள். அதைத் தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அங்கே வன்முறை வெடித்தது. தலித் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை துப்பாக்கிச்சூட்டில் வன்னியர் கிறிஸ்தவர்கள் இருவர் இறந்தார்கள். இறந்தவர்களும் ஏழைகள்தாம். அவர்களைத் தெருவில் இறக்கிவிட்ட சாதிப் பெருமை மட்டும் சாகவில்லை. ஒரே அன்னையை ஜெபமாலை மாதா என்றும் சகாய மாதா என்றும் இரண்டு பெயரில் கூப்பிட்டு, இரண்டு பெயருக்கும் நடுவே ஒரு ஊர் நின்றது.

கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த கோட்டப்பாளையத்தில் மகதலா மரியா திருவிழாவில் தலித் மக்களுக்கு இழைக்கப்படும் பாகுபாடு நீதிமன்றப் படிகளேறி, உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித்துகளையும் மற்றவர்களையும் பிரிக்கும் சுவரைப் பற்றி நம் தோழர்கள் பல ஆண்டுகளாகப் பேசியும் போராடியும் வருகிறார்கள். இறந்தவரும் உயிருள்ளவரும் ஒரே குடும்பம் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிற சபையில், இறந்தவர்களுக்கு நடுவே சுவர்!

இது வெளியே இருந்து நாம் வைக்கும் குற்றச்சாட்டு மட்டுமல்ல. 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் ரோமுக்குச் சென்றபோது, சாதிப் பாகுபாடு கிறிஸ்தவச் சாட்சியத்துக்கே எதிரானது என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவர்களிடம் நேரில் சொன்னார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. இந்தியாவின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்களில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும், சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்றும் அதில் ஒப்புக்கொண்டது. இவ்வளவு பேர் இருந்தும் ஒரு தலித் கர்தினாலைப் பார்க்க 2022 ஆகஸ்ட்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரசோ 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையைக் காட்டி, நீ கிறிஸ்தவன், உனக்கு ஏது சாதி என்று பட்டியலில் இருந்து தள்ளுகிறது. கோவில் சாதி பார்த்துத் தள்ளுகிறது. அரசு சாதி இல்லை என்று சொல்லித் தள்ளுகிறது.

4. ஒரு பின்னொட்டு நீங்கிய கதை

புனிதர் வணக்கத்தில் சாதி எப்படி ஏறி உட்காருகிறது, அதை எப்படி இறக்கலாம் என்பதற்கு அண்மைய வரலாறு ஒரு பாடம் வைத்திருக்கிறது. குமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-ல் பிறந்தவர் நீலகண்டன். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் மூலம் கிறிஸ்தவத்தை அறிந்தார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். ஒடுக்கப்பட்ட மக்களோடு உட்கார்ந்தார், எல்லோரும் சமம் என்று பேசினார். 1749-ல் கைது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்ற அவமானம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம் செய்யப்பட்டது. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் முத்திப்பேறு பட்டம். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம். இந்தியாவின் பொதுநிலையினரில் புனிதர் பட்டம் பெற்ற முதல்வர் அவர்.

அந்த நடைமுறை நெடுகிலும் அவர் பெயர் தேவசகாயம் பிள்ளை என்றே எழுதப்பட்டு வந்தது. சாதிக்கு எதிராக நின்றதால் உயிரைக் கொடுத்தவரின் தலையில் கடைசிவரை சாதிப் பின்னொட்டு! பொதுநிலையினர் சிலர் இதை எதிர்த்து ரோமுக்கு எழுதினார்கள். வற்புறுத்தினார்கள். கடைசியில் வத்திக்கான் அந்தப் பின்னொட்டை நீக்கியது. புனிதர் பட்டம் வழங்கியபோது அவர் தேவசகாயம் மட்டுமே. எழுதிக் கேட்டதால் கிடைத்த மாற்றம் இது. கேட்டவர்கள் இறந்துபோன புனிதர்கள் அல்லர், உயிரோடிருந்த மனிதர்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த திருக்குடும்பக் கோவில், வேளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம் என்று இரண்டு கையாகக் கட்டப்பட்டது. கால்சட்டைக் கோவில் என்றே மக்கள் அதை அழைத்தார்கள். 1910-ல் பங்குத்தந்தை கௌசானல் நடுவிலிருந்த தடுப்பை அகற்றினார். வேளாளர் தரப்பு வழக்குப் போட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போயிற்று. கோவிலுக்குள் சாதிக்கென்று தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று தீர்ப்பு வந்தது. ஒரு பாதிரியார் துணிந்தால் சுவர் இடியும் என்பதற்கு நூறாண்டுக்கு முந்திய சாட்சி இது. இடிக்காதவர்கள், முடியாததால் இடிக்கவில்லை என்று இனிச் சொல்ல முடியாது.

5. பெயர் இல்லாதவர்களின் திருநாள்

புனிதர் பட்டம் என்பது ஒரு நீண்ட அலுவலக வேலையும்கூட. இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், அருளாளர், புனிதர் என்று படிகள். ஆவணம் வேண்டும், சாட்சிகளின் வாக்குமூலம் வேண்டும், வழக்கை நடத்த ஆள் வேண்டும், ஆண்டுக்கணக்கில் செலவழிக்கப் பணம் வேண்டும். இந்தக் கூறுகளைச் சேர்த்துப் பார்த்தால் யார் இந்த வரிசையில் ஏற முடியும் என்பது விளங்கும். துறவற சபைகளை நிறுவியவர்கள் ஏறுவார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு சபையே உழைக்கிறது. கடிதங்களை எழுதி வைத்துவிட்டுப் போன மிஷனரிகள் ஏறுவார்கள். எழுதப் படிக்க விடப்படாத மக்களின் நற்செயல்களுக்கு எங்கே ஆவணம்? ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், அதன் பக்கத்தில் ஒரு சாதி. அவ்வளவுதான்.

ஆனால் தொடக்கத்தில் இது இப்படி இல்லை. 2ஆம் நூற்றாண்டில் ஸ்மிர்னா நகரில் ஆயர் பொலிகார்ப் எரித்துக் கொல்லப்பட்டார். அவருடைய சபையார் எலும்புகளைப் பொறுக்கி எடுத்துப் பத்திரமாக அடக்கம் செய்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் கூடுவதென்று முடிவு செய்தார்கள். எந்த அலுவலகமும் அவர்களுக்கு அனுமதி தரவில்லை. அரசு கொன்ற ஒருவரை, அரசு மறக்கச் சொன்ன ஒருவரை, ஒரு சின்னக் கூட்டம் மறக்க மறுத்தது. புனிதர் வணக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது. ரோமில் இருந்து திருத்தந்தை முறைப்படி புனிதர் என்று அறிவித்த முதல் நிகழ்வாகச் சொல்லப்படுவது 993-ல்தான் நடந்தது.

இந்தச் செங்கல்பட்டுச் சீமைக்கும் அப்படி நினைவுகள் உண்டு. 1891-ல் மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணையே பஞ்சமி நிலத்தின் தொடக்கம். நூறாண்டு கழித்து, அந்த நிலங்கள் யார் யார் கையிலோ இருந்தன. மாமல்லபுரம் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க நம் மக்கள் எழுந்தார்கள். அந்த நிலத்தில் அம்பேத்கர் சிலையை நட்டார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். நம் மறைந்த தோழர் அந்தப் போராட்டத்தால் உருவானவர். ஒவ்வோர் அக்டோபரிலும் அந்த இரண்டு பெயர்களையும் உரக்கச் சொல்லாமல் அவர் கூட்டத்தைத் தொடங்கியதில்லை.

அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று திருமுழுக்கு யோவானையும் பரங்கிமலைத் தோமாவையும் தாங்கிய பெயர். இன்னொன்று திருப்பதி மலைப் பெயர். இரண்டும் ஒரே தரையில் சாய்ந்தன. யார் கிறிஸ்தவர், யார் இந்து என்று துப்பாக்கி கேட்கவில்லை. நம் ஊர்களில் எப்போதும் அப்படித்தானே? ஆகஸ்ட் 29 அன்று பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோவில் கொடியேற்றத்துக்கு நம் புறநகர்களில் இருந்து காவி உடுத்தி நடந்து போகும் கூட்டத்தில் பாதிப் பேர் ஞானஸ்நானம் பெறாதவர்கள்.

நான் இங்கே ஒரு எல்லையை மதிக்கிறேன். திருச்சபைச் சட்டத்தின் 1187ஆம் பிரிவுப்படி, சபை அதிகாரம் பட்டியலில் சேர்த்தவர்களுக்கு மட்டுமே பொதுவில் வணக்கம் செலுத்தலாம். ஜான் தாமஸுக்குப் பீடம் எழுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. ஏழுமலையை யாரும் கிறிஸ்தவப் புனிதராக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அதே திருச்சபை நவம்பர் 1 அன்று அனைத்துப் புனிதர் திருநாள் கொண்டாடுகிறது. பட்டியலில் ஏறாத, பெயர் தெரியாத, கடவுளுக்கு மட்டுமே தெரிந்த புனிதர்களும் அந்த நாளுக்கு உரியவர்கள். மறுநாள் கல்லறைத் திருநாள். பரங்கிமலையில் கல் சுமந்தவர்களும், பல்லாவரத்துத் தோல் கிடங்குகளில் நெஞ்சு வெந்து செத்தவர்களும், தேர் வராத தெருவில் தன் சுரூபத்தைத் தானே இழுத்தவர்களும் அந்த நாளில் வருகிறார்கள் என்று சொல்ல எந்த ஆயருடைய அனுமதியும் வேண்டாம். போதனையே அப்படித்தான் சொல்கிறது.

6. நமக்கான கேள்வி

முதலில் கேட்ட தம்பிக்கு இப்போது பதில் சொல்கிறேன். 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் பேசிய பாபாசாகேப், மதத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கே வழி என்று எச்சரித்தார். நன்றி பாராட்டுவதற்கும் அளவு உண்டு என்றார். இது நமக்கும் பொருந்தும். அவருடைய சிலைக்குப் பாலாபிஷேகம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறோம். வணக்கத்துக்கும் ஆராதனைக்கும் கோடு போட கத்தோலிக்கர்கள் பட்ட பாட்டில் இருந்து நாம் கற்றுக்கொள்ளலாம். அயோத்திதாசர் இன்னொரு வழியைக் காட்டினார். அம்மன் வழிபாட்டுக்குப் பின்னால் நோயுற்றவர்களைக் குணமாக்கிய ஒரு பௌத்தப் பெண் துறவியின் நினைவைத் தேடினார். பண்டிகை ஒவ்வொன்றின் உள்ளேயும் நம்மவர் ஒருவரின் நற்செயல் புதைந்திருக்கிறது என்று வாசித்தார். அவருடைய ஒவ்வொரு முடிவையும் ஏற்க வேண்டியதில்லை. கும்பிடும் உருவத்தின் பின்னால் இருந்த மனிதரைத் தேடு என்ற அந்த முறை நமக்கு வேண்டும்.

ஆகவே தோழரின் படத்துக்குப் பூப் போடுவது தப்பில்லை. அவரிடம் நாம் எதுவும் வேண்டப் போவதில்லை. அவர் நம்மிடம் கேட்டது பாக்கி இருக்கிறது. அதை நினைவுபடுத்திக்கொள்ளவே பூப் போடுகிறோம்.

திருச்சபைக்குள் இருக்கும் நம் மக்கள் சார்பாக மூன்று கோரிக்கைகளை முன்வைத்து முடிக்கிறேன்.

முதலாவது, சேரிக்குள் போகாத தேரை எந்தப் பாதிரியாரும் மந்திரிக்கக் கூடாது. ஆயர்களுக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. ஓர் ஆண்டு திருவிழா நின்றால் அந்தோணியார் கோபித்துக்கொள்ளமாட்டார்.

இரண்டாவது, ஒவ்வொரு பங்கிலும் தலித் முன்னோர்களின் வரலாற்றைத் தொகுக்க வேண்டும். முதல் கோவிலுக்கு மண் சுமந்தவர், உபதேசியாராக இருந்தவர், கொள்ளைநோயில் பிணம் அடக்கியவர், நிலப் போராட்டத்தில் சிறை சென்றவர். எண்பது வயதைத் தாண்டிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து அந்த ஆவணமும் புதைக்கப்படும் முன் நம் மன்றத்தின் இளைஞர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு புறப்பட வேண்டும். இதற்குத் திருச்சபைக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை.

மூன்றாவது, கல்லறைச் சுவர்கள். தேவசகாயத்தின் பெயரிலிருந்து ஒரு சொல்லை எடுக்க முடிந்தவர்களுக்கு, ஒரு சுவரிலிருந்து செங்கற்களை எடுக்கவும் முடியும்.

என் ஆயா இறந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. காலனிக்கென்று ஒதுக்கிய கல்லறைத் துண்டில் கிடக்கிறார். கடந்த கல்லறைத் திருநாளில் என் மகள் அங்கே மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, "ஆயாகிட்ட என்னம்மா கேக்கணும்?" என்றாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு, தேர் நம்ம தெருவுக்கு வரணும்னு கேளு என்றேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். அதன் பிறகு அந்தப் பங்கின் மக்களிடம் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறோம். மனு இங்கே வாசல் மேசையிலும் இருக்கிறது. போகும்போது ஆதரவுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.